போலிஷ் வாசிக்க இங்கிலீஷ் எதற்கு?

(செம்மங்குப்பத்தில் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை. பலகையில் எழுதிக் காட்டிய எழுத்துகள் இங்கே பெயரால் சொல்லப்பட்டுள்ளன.)



கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரயிலில் ஒரு போலந்துக்காரர் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. ஸ்டேஷன் போர்டில் இங்கிலீஷ் எழுத்தில் இருப்பதைத் தம் ஊர் வழக்கப்படி வாசிக்கிறார். கடலூர் அவர் வாயில் "த்ஸுத்தலொரெ" ஆகும். 'சி' என்ற எழுத்து அவருக்கு 'த்ஸ்'. கடைசியில் நிற்கிற 'இ' அவருக்கு ஊமை எழுத்து இல்லை, 'எ' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய எழுத்து. சிதம்பரம் "ஹிதம்பரம்" ஆகிவிடும். சியும் எச்சும் சேர்ந்தால் அவர் மொழியில் 'ஹ்'. ஆனால் உங்கள் ஊர்ப் பெயரை அவர் கிட்டத்தட்ட நம்மைப் போலவே சொல்வார். இரண்டு 'எம்' இருந்தால் இரண்டையும் அழுத்துவார், இரண்டு 'பி' இருந்தால் இரண்டையும் அழுத்துவார், 'யூ' அவருக்கு எப்போதும் 'உ'தான். இங்கிலீஷ்காரர் இதே பெயரைச் "செமன்கபம்" என்று தேய்த்துவிடுவார்.

இன்றைக்கு நான் சொல்ல வந்த செய்தி இதற்குள்ளேயே இருக்கிறது. போலிஷ் எழுத்து பார்க்கத்தான் பயமாக இருக்கும். எஸ், இசட், சி, இசட் என்று உயிரெழுத்தே இல்லாமல் வரிசையாக நிற்கும். நம்மில் பலர் அதை இங்கிலீஷ் கண்ணால் பார்த்துவிட்டு, "இதெல்லாம் மனுஷன் வாயில் நுழையுமா" என்று கேட்கிறோம். இங்கிலீஷை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழ் நாக்கோடு போனால், அந்த மொழியின் ஒலிகளில் பாதிக்கு மேல் நமக்கு ஏற்கெனவே பழக்கமானவை.

இங்கே வந்திருக்கிற பிள்ளைகளில் சிலர் போலந்துக்கு மருத்துவம் படிக்கப் போகிறார்கள், சிலர் எஞ்சினியரிங், சிலர் வேலைக்கு. பாடம் இங்கிலீஷில் நடக்கும் என்று கல்லூரி சொல்லியிருக்கும். அது உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருக்கிற பாட்டி இங்கிலீஷில் வலியைச் சொல்லமாட்டார். அங்கேயே தங்கிப் பின்னால் குடியுரிமை கேட்பதென்றால் பி-1 நிலையில் போலிஷ் தெரியும் என்று சான்றிதழ் காட்ட வேண்டும். அதனால் ஏஜென்ட் "மொழி தேவையே இல்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் 'டி'. ஆங்கிலத்தில் இரண்டு 'டி' உண்டு, டேபிளில் வருவது ஒன்று, டோரில் வருவது ஒன்று. இரண்டையும் நாம் நாக்கை மடித்து 'ட' என்று சொல்லிப் பழகிவிட்டோம். போலிஷில் இரண்டுமே பல்லில் நாக்கு படும் 'த'. "ஆமாம்" என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் "தக்". நம் பிள்ளைகள் "டக்" என்கிறார்கள். வீடு "தொம்", "டோம்" இல்லை. தொல்காப்பியர் பிறப்பியல் என்று தனி இயலே வைத்து, எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே படும் என்று சொல்லிவைத்திருக்கிறார். தகரத்துக்கும் டகரத்துக்கும் உள்ள இட வேறுபாடு நம் வீட்டுக் குழந்தைக்கே தெரியும். இங்கிலீஷ்காரர் இந்தத் தகரத்தைப் பயிற்சி செய்து பிடிக்க வேண்டும். அதோடு 'ப', 'த', 'க' சொல்லும்போது அவர் மூச்சைச் சேர்த்து ஊதுவார். போலிஷ்காரரும் ஊதுவதில்லை, நாமும் ஊதுவதில்லை.

உயிரெழுத்தில் நெடில் கிடையாது. 'ஓ' என்று எழுதியிருந்தால் 'ஒ', 'இ' என்ற எழுத்து இருந்தால் 'எ'. இழுக்காதீர்கள். 'ஒய்' மட்டும் கொஞ்சம் வம்பு. அது இகரமும் இல்லை உகரமும் இல்லை. காது, பேச்சு என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஓர் உகரம் வருகிறதே, அந்தக் குற்றியலுகரத்தை நாக்கைச் சற்று முன்னால் தள்ளிச் சொன்னால் பக்கத்தில் போய்விடலாம்.

இனி ஓர் ஊர்ப் பெயரை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். நம்மூர் மாணவர்கள் நிறையப் பேர் போகிற நகரம் அது. நான்கே எழுத்து: எல், ஓ, டி, இசட். தமிழ்ப் பத்திரிகைகளில் "லோட்ஸ்" என்று போடுகிறார்கள், தபாலில் வரும் பல்கலைக்கழகக் கடிதத்தை வீட்டில் "லோட்ஸ்" என்றே வாசிக்கிறார்கள். கூர்ந்து பாருங்கள். எல்லின் மேல் ஒரு குறுக்குக் கோடு இருக்கிறது. அந்தக் கோடு விழுந்தால் அது லகரம் இல்லை; உதட்டைக் குவித்துச் சொல்லும் வகரம். ஓவின் தலையில் ஒரு சாய்கோடு. அது 'ஒ' இல்லை, 'உ'. இசட்டின் மேலும் சாய்கோடு. டியோடு சேர்ந்து அது 'ஜ்' போல ஒலிக்க வேண்டும். ஆனால் சொல்லின் கடைசியில் நிற்பதால் குரல் அடங்கி 'ச்' ஆகிறது. ஆக அந்த ஊர் "வுச்". நான்கு எழுத்தில் ஒன்றைக்கூட நாம் சரியாக வாசிக்கவில்லை. ஆனால் வாசிக்கும் விதி ஒவ்வொன்றும் எழுத்தின் மேலேயே குறித்திருக்கிறது. இங்கிலீஷில் இப்படி ஒரு சலுகை கிடைக்குமா?

இந்த ஒரு ஊரைத் தெரிந்துகொண்டால் பல பெயர்கள் தானாகத் திறக்கும். 1983-இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய கப்பல் கட்டும் தளத் தொழிலாளர் தலைவரை நாம் "லெக் வலேசா" என்று வாசித்து வளர்ந்தோம். அவர் "லெஹ் வவென்ஸா". 1980-இல் இலக்கிய நோபல் பெற்ற கவிஞரை "மிலோஸ்" என்றது நம் சிறுபத்திரிகை உலகம். அவர் "மிவொஷ்". திரைப்பட விழாக்களுக்குப் போகிறவர்கள் கொண்டாடுகிற இயக்குநர் "கீஸ்லோவ்ஸ்கி" இல்லை, "கெஶ்லொஃப்ஸ்கி". இங்கிலீஷ் வழியாக வந்த பெயர்களுக்கு இந்தக் கதிதான். பத்திரிகைக்காரர்களைக் குறை சொல்லி என்ன, அவர்கள் கைக்கு வந்த தந்தியில் அந்தக் கோடும் புள்ளியும் இருந்திருக்காது.

சொல்லின் கடைசியில் குரல் அடங்குவதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ரொட்டியை எழுதும்போது கடைசி எழுத்து 'பஸ்'ஸில் வரும் பி. சொல்லும்போது 'பப்பாளி'யில் வரும் பகரமாகி "ஹ்லெப்" ஆகிறது. டபிள்யூ என்பது அவர்களுக்கு 'வ்'. அதுவே கடைசியில் நின்றால் 'ஃப்'. அதனால்தான் "க்ரகுஃப்", "வ்ரொத்ஸ்வஃப்". எழுத்து ஒன்று, ஒலி இடத்தைப் பொறுத்து என்றால் இங்கிலீஷ் படித்தவருக்கு எரிச்சல் வரும். நமக்கு ஏன் வர வேண்டும்? கல், அகம், தங்கம் மூன்றிலும் ஒரே ககரத்தைத்தான் எழுதுகிறோம். மூன்று விதமாகச் சொல்கிறோம். யாரும் விதி சொல்லிக் கொடுத்து நாம் கற்கவில்லை. எழுத்தைப் பார்த்ததும் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பார்க்கும் பழக்கம் நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது.

மூக்கொலிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

போலிஷில் ஏ, இ இரண்டு எழுத்துக்கும் கீழே ஒரு சின்ன வால் போட்டு எழுதுவார்கள். வால் வைத்த 'ஏ' மூக்கால் சொல்லும் 'ஒ'. வால் வைத்த 'இ' மூக்கால் சொல்லும் 'எ'. மூக்கால் சொல்வது எப்படி என்று பாடப் புத்தகங்கள் பிரெஞ்சைக் காட்டும். பிரெஞ்சுக்கு எதற்குப் போக வேண்டும்? "மரம்" என்று எழுதுகிறோம், பேச்சில் உதட்டை மூடுகிறோமா? "மரொ" என்று மூக்கில் விட்டு முடித்துவிடுகிறோம். "வந்தான்" என்பதையும் அப்படித்தான். சொல்லின் கடைசியில் வரும் வால் வைத்த 'ஏ' நம்முடைய பேச்சு "மரம்" முடிகிற அதே ஒலிதான். வால் வைத்த 'இ' கடைசியில் வந்தால் இன்னும் சுலபம், மூக்கையும் விட்டுவிட்டு வெறும் 'எ' என்று சொல்லிவிடலாம்.

அதே எழுத்துகள் சொல்லின் நடுவில் வல்லினத்துக்கு முன் வந்தால்தான் வேடிக்கை. அப்போது மூக்கொலி உடைந்து, அடுத்து நிற்கும் எழுத்துக்கு ஏற்ற மெல்லினமாக மாறிவிடும். ககரத்துக்கு முன் 'ங்', சகரத்துக்கு முன் 'ஞ்', தகரத்துக்கு முன் 'ந்', பகரத்துக்கு முன் 'ம்'. கை என்பதற்கு "ரெங்கா". ஐந்து என்பதற்கு "ப்யெஞ்ச்". மூலை "கொந்த்". பல் "ஸொம்ப்". நான்கிலும் எழுத்தில் இருப்பது வால் வைத்த எழுத்துதான். இதற்கு நாம் இன எழுத்து என்று பெயர் வைத்து பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். நன்றி சொல்ல "ஜெங்குயெ" என்பார்கள். அதில் வரும் 'ங்' நம் தங்கத்தில் வருகிற அதே ஒலி, அடுத்து நிற்கும் ககரத்தை மட்டும் 'கல்'லில் வருவது போலச் சொல்லுங்கள். வெளிநாட்டு மாணவர்கள் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிற பாடம் இது. தமிழ்ப் பிள்ளைக்கு இந்தப் பாடமே தேவையில்லை.

ஞகரமும் அப்படித்தான். 'என்' என்ற எழுத்தின் மேல் சாய்கோடு போட்டாலோ, அதற்கு அடுத்து ஐ வந்தாலோ 'ஞ்'. "இல்லை" என்பதற்கு "ஞெ". பிளாஸ்டிக்கை நெகிழி என்றும் ஞெகிழி என்றும் எழுதுகிறோமே, அந்த ஞெகிழியின் முதல் எழுத்து. குதிரை "கொஞ்". பகல் வணக்கம் "ஜெஞ் தொப்ரி", கடைசியில் நான் சொன்ன அந்த ஒய்.

நம் நாக்கு தடுமாறும் இடமும் உண்டு. அதை மறைத்துப் பேசினால் நாளைக்கு நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

எஸ் தனியாக வந்தால் 'ஸ்'. எஸ்ஸும் இசட்டும் சேர்ந்தால் நாக்கு மடிந்த 'ஷ்', விஷம் என்பதில் வருவது. எஸ்ஸின் மேல் சாய்கோடு வந்தாலோ, எஸ்ஸுக்கு அடுத்து ஐ வந்தாலோ நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தை நெருங்கும் மென்மையான ஒலி. கிரந்தத்தில் ஶ என்று ஓர் எழுத்து உண்டு. ஸ்ரீ என்பதில் பெரியவர்கள் எழுதி வந்தது அதைத்தான். மூன்றும் வேறு வேறு. "கஸா" என்றால் பணம் கட்டும் கவுன்டர். "கஷா" என்றால் ஒரு வகைத் தானியக் கஞ்சி. "கஶா" என்றால் ஒரு பெண்ணின் செல்லப் பெயர். கடையில் தயவுசெய்து என்பதற்கு "ப்ரொஷெ" என்று மடித்துச் சொல்ல வேண்டும். மென்மையாக "ப்ரொஶெ" என்றால் பன்றிக்குட்டி. கல்லாவில் நிற்கிற அம்மாள் கோபித்துக்கொள்ள மாட்டார், சிரிப்பார். வந்த நாளிலிருந்து எல்லா வெளிநாட்டாரும் அவரைப் பன்றிக்குட்டி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இசட்டின் மேல் புள்ளி வைத்தாலும், ஆரும் இசட்டும் சேர்ந்தாலும் வருகிற ஒலியைப் பாருங்கள். 'ஷ'வுக்கு நாக்கை மடித்துக் குரலையும் சேர்த்தால் அது வரும். நம்மிடம் அதற்கு மிக அருகில் இருப்பது எது தெரியுமா? ழகரம். ழ சொல்லும்போது நாக்கு எங்கே மடிகிறதோ அங்கேயே இன்னும் கொஞ்சம் நெருக்கிக் காற்றை உரசவிட்டால் அந்தப் போலிஷ் ஒலி. கடல் என்பதற்கு அவர்கள் சொல் "மொழெ". ழகரத்தை யகரமாகவும் ளகரமாகவும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இதற்காகவாவது திருத்திக்கொள்ளலாம்.

மெய்யெழுத்துகள் குவிந்து வருவதுதான் உண்மையான மலை. நம் இலக்கணம் சொல்லின் முதலில் இரண்டு மெய் நிற்பதை ஒப்புக்கொள்ளாது. அதனால்தான் கிராமத்தில் "இஸ்கூல்" என்கிறோம். பஸ்ஸைப் "பஸ்ஸு" என்று உகரம் போட்டு முடிக்கிறோம். போலந்தில் பூட்டிய கதவில் ஒரு போர்டு தொங்கும். இங்கே சிப்காட் கம்பெனி வாசலில் "அனுமதியின்றி உள்ளே வராதீர்" என்று இருக்குமே, அதேதான். அதன் முதல் சொல் டபிள்யூ, எஸ், டி என்று மூன்று மெய்யில் தொடங்குகிறது: "ஃப்ஸ்தெம்ப்". முன்னாலிருந்து ஏறப் பார்த்தால் இகரம் ஒட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து வாருங்கள். "தெம்ப்" சொல்லுங்கள். பிறகு "ஸ்தெம்ப்". பிறகு உதட்டில் பல்லை வைத்துக் காற்றை விட்டு "ஃப்ஸ்தெம்ப்". இந்த முறையில் எந்தச் சொல்லும் மசியும். அவர்களுக்கே இதில் ஒரு கர்வம் உண்டு. 1970-இல் வந்த ஒரு நகைச்சுவைப் படத்தில், பிடிபட்ட போலந்து வீரன் "க்ழெகொஷ் ப்ழெஞ்சிஷ்சிகெவிச்" என்று ஒரு பெயரைச் சொல்கிறான். ஜெர்மன் அதிகாரியால் அதை டைப் அடிக்கவே முடியவில்லை. இன்றும் அங்கே யாரிடம் அந்தப் பெயரைச் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அதோடு ஒன்று, எந்தச் சொல்லிலும் கடைசிக்கு முந்திய அசையை அழுத்துங்கள். விலக்குகள் சில உண்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு வாலும் புள்ளியும் எதற்கு என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. 966-இல் போலந்து ஆட்சியாளர் கிறிஸ்தவத்தைத் தழுவியபோது லத்தீன் எழுத்தும் கூடவே வந்தது. லத்தீனில் இருந்ததோ இருபத்துச் சொச்சம் எழுத்து. ஷ, ஶ, ஞ, ழ போன்றவற்றுக்கு இடமே இல்லை. 1440 வாக்கில் க்ரகுஃப் பல்கலைக்கழகத்து யாகுப் பர்கொஷ் என்பவர் எழுத்தைச் சீர்படுத்த ஒரு நூல் எழுதினார், ஊர் கேட்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்தனிஸ்வஃப் ஸபொரொஃப்ஸ்கி எழுத்தின் மேல் குறி இடலாம் என்றார். அச்சுக்காரர்கள் பாதியை எடுத்துக்கொண்டு, பாதிக்கு இரண்டெழுத்துச் சேர்க்கையையே வைத்துக்கொண்டார்கள். அதன் விளைவுதான் இன்றைய 32 எழுத்து, அதில் 9 எழுத்துக்குக் குறி. நம் எ, ஏ வேறுபாட்டுக்கு வீரமாமுனிவர் வழி சொன்னது நினைவுக்கு வருகிறதா? 1978-இல் தமிழ்நாடு அரசு ணை, லை எழுத்துகளை மாற்றியதும்? அங்கே 1936-இல் பெரிய சீர்திருத்தம் நடந்தது. மறுபடியும் 2026 ஜனவரி 1 முதல் புதிய விதிகள் சில நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அதனால் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பாடநூலை முழுசாக நம்ப வேண்டாம்.

வாசிப்பது விதிப்படி. காதால் கேட்டு எழுதுவது அப்படியில்லை. 'உ' ஒலிக்கு இரண்டு எழுத்து, ழகர ஒலிக்கு இரண்டு, ஹகரத்துக்கு இரண்டு. முன்பு வேறு வேறாக ஒலித்தவை காலப்போக்கில் ஒன்றாகிவிட்டன, எழுத்து மட்டும் நின்றுவிட்டது. நம் ர, ற போல. ந, ன போல. நம் பிள்ளைகள் "கறி"யையும் "கரி"யையும் மாற்றி எழுதி அடி வாங்குவது போல அங்கும் வாங்குகிறார்கள். ஒரு வழி உண்டு. சொல்லைத் திருப்பிப் பாருங்கள். மேசை ஒன்றென்றால் "ஸ்துவ்", பலவென்றால் "ஸ்தொவி". ஒகரம் எட்டிப் பார்க்கிறதா, அப்படியானால் ஒருமையில் சாய்கோடு போட்ட ஓவைத்தான் எழுத வேண்டும். கடல் "மொழெ", கடல் சார்ந்தது "மொர்ஸ்கி". ரகரம் வந்துவிட்டதால் கடலுக்கு ஆரும் இசட்டும். 1987 முதல் கதொவித்ஸெ நகரத்தில் பெரியவர்களுக்கே சொல்வதெழுதுதல் போட்டி நடத்துகிறார்கள். பேராசிரியர்களும் டாக்டர்களும் உட்கார்ந்து எழுதித் தப்பு விடுகிறார்கள். நீங்கள் தப்பு விடுவதில் வெட்கம் என்ன?

இந்த வழியில் எதிர்த்திசையில் வந்தவர்கள் உண்டு. 1935-இல் இந்தியாவுக்கு வந்த வந்தா தினொஃப்ஸ்கா என்ற அம்மையார் இங்கே உமாதேவி ஆனார். ரமணரின் அன்பர். 1944-இல் சென்னையில் மௌரிஸ் ஃப்ரீட்மன் என்பவரோடு சேர்ந்து போலந்து-இந்திய நூல்வரிசை ஒன்றைத் தொடங்கினார். திருக்குறளைப் போலிஷில் தந்தவரும் அவர்தான். அதே காலத்தில் போரில் வீடிழந்த போலந்து மக்கள் ஏறக்குறைய 5,000 பேர் கோலாப்பூருக்குப் பக்கத்தில் வலிவாடே முகாமில் இருந்தார்கள். அந்தக் குழந்தைகள் போலிஷ் எழுத்தை மகாராஷ்டிர மண்ணில் உட்கார்ந்துதான் படித்தார்கள். வார்சா பல்கலைக்கழகத்தில் இன்றும் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே ஒரு மாணவி நம் ழகரத்தோடு மல்லுக்கு நிற்கும்போது, நாம் அவர்கள் எழுத்தோடு நிற்பதில் தப்பில்லை.

போகும் முன் செய்ய வேண்டியது இரண்டு. உங்கள் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதிப் போலிஷ் முறையில் வாசித்துப் பாருங்கள். ஜே என்ற எழுத்து அவர்களுக்கு யகரம். ஜெயா அங்கே "யெயா" ஆவாள். வகுப்பில் யெயா என்று கூப்பிட்டால் எழுந்து நிற்கத் தெரிய வேண்டும், பிறகு பொறுமையாகத் திருத்திச் சொல்லுங்கள்.

அடுத்து, போலிஷ் சொல்லுக்கு உச்சரிப்புக் குறிப்பை இங்கிலீஷ் எழுத்தில் எழுதாதீர்கள். கடையில் விற்கும் புத்தகங்கள் அப்படித்தான் போட்டிருக்கும், அது மறுபடியும் "லோட்ஸ்" ஊருக்கே கொண்டுபோய் விடும். தமிழில் எழுதுங்கள். ஷ, ஶ, ஸ மூன்றையும் பயன்படுத்துங்கள், ஞவையும் ழவையும் தயங்காமல் போடுங்கள். ஒரு குறை தமிழ் எழுத்துக்கு உண்டு: வீடும் "தொம்", புத்தகத்தின் ஒரு தொகுதியும் "தொம்", முதல் எழுத்தில் குரல் உண்டா இல்லையா என்று நம் எழுத்து காட்டாது. குரல் வரும் எழுத்தின் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், போதும். இன்று இரவே நோட்டைத் திறந்து முதல் பத்துச் சொல்லை அப்படி எழுதி, வீட்டில் சத்தமாக வாசியுங்கள். அம்மா அப்பா சிரித்தால் சிரிக்கட்டும்.